தை, மாசி: வேலை தேடும் குறிப்புகள்

ஜனவரி 6, 2026

விண்ணப்பம் போய்விட்டது. கடல்புல் ஆய்வுத் திட்டத்தில் வேலை, 11 மாத ஒப்பந்தம், தேவைப்பட்டால் நீட்டிப்பு. பரிந்துரைக்கு இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவர் சரி. இரண்டாவது இடத்தில் பேராசிரியர் பெயரைப் போட்டிருக்கிறேன். போனை எடுத்தால்தானே அவரிடம் சம்மதம் கேட்க முடியும்.

ஜனவரி 8

பதில் இல்லை. அதற்குள் யார் போடுவார்கள்? தெரிந்தும் ஸ்பேம் வரை போய்ப் பார்த்தாயிற்று.

ஜனவரி 11

டேராடூனில் இருக்கும் சீனியர் அக்கா போன் பண்ணினாள். பாம்பன் பாலம் பக்கம் போனால்தான் சிக்னல் நிற்கிறது. வாடைக்காற்றில் துப்பட்டாவைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசினேன்.

அவள் சொன்னதை மறக்கும் முன் எழுதி வைக்கிறேன். "அறிவிப்பு வரும்னு உக்காந்திருக்காத. அது வெளிய வரும்போது பாதி இடத்துல ஆள் மனசுல முடிவாயிருக்கும். நீ யாரோட ஆய்வப் படிச்சிருக்கியோ அவங்களுக்கு நேரா மெயில் போடு. எனக்குக் கடல்னா உயிர்னு ஆரம்பிச்சிராத, எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க. எந்த உயிரினம், எந்த இடம், உனக்கு என்ன செய்யத் தெரியும், அவ்வளவுதான். புதுத் திட்டத்துக்குப் பணம் ஏப்ரலுக்கு மேலதான் வரும், அதுக்குள்ள உன் பேரு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

நெட் தகுதித் தேர்வு எழுதச் சொன்னாள். தேறினால் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை, மாதம் 37,000 ரூபாய். அந்தத் தொகையை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாளிலிருந்து அதைத்தான் கேட்பாள்.

அப்புறம் புள்ளிவிவரத்துக்கு ஆர், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ் மென்பொருள். இரண்டுமே இலவசம், லேப்டாப் இருந்தால் போதும் என்றாள். தம்பியின் லேப்டாப்பில் 'ஜெ' எழுத்து வேலை செய்யாது.

ஜனவரி 15

பொங்கல். சின்னம்மா கேட்டார், "கடலப் பாதுகாக்குறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்களா? யாருத்தா குடுக்குறா?" நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

ஜனவரி 17

நாளை தை அமாவாசை. ராமேசுவரம் பக்கம் நிற்க இடமில்லை, பஸ் எல்லாம் பிதுங்குகிறது. எங்கள் வீட்டில் அமாவாசை என்றால் வேறு கணக்கு. அம்மா விடியும் முன்னே கடல்பாசி எடுக்கப் போய்விட்டாள்.

மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி. அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. எந்தத் துறையும் போட்ட சட்டம் இல்லை, பாசி எடுக்கிற பெண்களே உட்கார்ந்து பேசிக் கட்டிக்கொண்டது. மரிக்கொழுந்துப் பாசி மறுபடி வளர இடைவெளி வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துத் தெரிந்ததில்லை. சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015-இல் தீவுப் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தபோது அமெரிக்கா வரை அவரை மேடையேற்றினார்கள். அப்போது நான் பள்ளியில். கடற்கரை முழுக்க அதே பேச்சு.

ஆனால் 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா வந்ததிலிருந்து தீவுப் பக்கம் போனால் துரத்தல்தான். குருசடை, பூமரிச்சான், முயல் தீவு, மனோலி என்று இருபத்தொரு தீவுகள் அதற்குள். இரண்டு இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. ரேஞ்சர் படகைப் பார்த்தால் அம்மா பையைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிற்பாள். இந்த வீட்டிலிருந்துதான் நான் அந்தப் பூங்காவில் வேலை கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா ஒரு தடவைகூட இதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மாலையில் வந்தாள். விரலில் சுற்றிய துணி கிழிந்திருந்தது. "தண்ணி கலங்கல். ஒண்ணும் தெரியல."

ஜனவரி 19

பேராசிரியர் போனை எடுக்கவில்லை.

ஜனவரி 23

தனுஷ்கோடி. இரவு ஆமை ரோந்துக்குக் கூட வரலாமா என்று வனத்துறை வாச்சர் அண்ணனிடம் கேட்டிருந்தேன். மேலே சொல்லிவிட்டு, சரி வா என்றார். சம்பளம் இல்லை, சான்றிதழ் இல்லை, ஒரு டீ உண்டு. அப்பாவும் துணைக்கு வந்தார்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை நோக்கி நடந்தோம். ஒரு தடம் கிடைத்தது, பங்குனி ஆமை. வாச்சர் அண்ணன் கம்பியை மணலில் இறக்கி இறக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் கம்பி இளகியது. அங்கேதான் முட்டை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! எத்தனை வருடமாகச் செய்கிறாரோ, அன்றுதான் முதல் தடவை மாதிரி சிரித்தார். ஒவ்வொன்றாக எடுத்து, மேல் பக்கம் மேலேயே இருக்கும்படி பையில் வைத்தோம். புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டி மறுபடி புதைத்தோம். ஐம்பது நாள் சொச்சம். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு கூடுதல், குளிர்ந்தால் ஆண். பாடத்தில் படித்ததுதான். ஆனால் கை மணலுக்குள் போய் அந்த வெதுவெதுப்பு தெரியும்போது வேறு.

திரும்பும்போது கேட்டேன், "அண்ணே, நீங்க பெர்மனன்டா?" "டெம்ப்ரவரிதான். சீசனுக்கு எடுப்பாங்க. மத்த மாசம் வலைக்குப் போவேன்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "நீ படிச்ச புள்ள. நீ வந்தா பெர்மனன்டா வா" என்றார்.

ஜனவரி 24

தூங்கினேன். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 28

ஓர் அமைப்பிலிருந்து பதில். மன்னார் வளைகுடாவில் பயிற்சி, பவளப்பாறை அறிமுகம், உள்ளூர்ச் சமூகத்துடன் உரையாடல், சான்றிதழ். கட்டணம் நாங்கள் கட்ட வேண்டும். தங்குமிடம், சாப்பாடு அதில் அடக்கம்.

தங்குமிடம் மண்டபத்தில். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். பெங்களூரிலிருந்து வருகிறவர்களோடு சேர்ந்து என் அம்மாவிடம் போய் நான் உரையாட வேண்டும், அதற்கு நானே பணம் கட்ட வேண்டும். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "சாப்பாட்டு மீனு யாருகிட்ட வாங்குவாங்கன்னு கேளு."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ராத்திரி முழுக்கக் கோபம்.

பிப்ரவரி 1

மாமா மகன் வனத்துறைத் தேர்வுக்குத் தயாராகிறான். நாலு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடக்க வேண்டுமாம். விடியற்காலையில் பாம்பனிலிருந்து உச்சிப்புளிப் பக்கம் நடந்துவிட்டு வந்து எங்கள் திண்ணையில் கால் நீட்டிக் கிடக்கிறான். "எலெக்ஷன் வருது, அறிவிப்பு வந்தா எல்லா நியமனமும் நின்னுரும்" என்று பயம் காட்டுகிறான். பூநாரைச் சரணாலயத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை அவனுக்கு. போன ஜூன் 5-இல் தனுஷ்கோடியில் அறிவித்தார்களே, அது. சரணாலயம் வந்தால் பலகை வரும், வேலி வரும். ஆள் வருமா, அவன்தான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 4

வடகடல் பக்கம் ஆவுளியா, அதாவது கடற்பசு, ஒன்று கரை ஒதுங்கியதாக அப்பாவுக்குப் போன். போனோம். மூன்று மீட்டர் இருக்கும். கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்தார், வயிறு முழுக்கக் கடல்புல். இதைத்தான் நான் விண்ணப்பத்தில் எழுதினேன், கடல்புல் போனால் இதுவும் போகும் என்று. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் நடுவில் மூன்றிலிருந்து ஏழு வருடம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக்கினார்கள். நம் கரை அதில் இல்லை. ஆவுளியாவுக்கு எல்லை தெரிந்தால் நல்லது.

யாரோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் டேப்பைப் பிடித்து அளவெடுக்க உதவினேன். அங்கே வந்திருந்த அதிகாரி அம்மா ஒருவர் என் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 7

கியூஜிஐஎஸ்ஸில் ஒரு வரைபடம் தொடங்கினேன். அப்பா வத்தைப் படகில் போகும்போது போனில் ஜிபிஎஸ் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். எந்தப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) எங்கே, எதில் கடல்புல் அடர்த்தி, எதில் 2016-இல் கடல் சூடாகி வெளுத்த பிறகு பவளம் திரும்பவே இல்லை, எதில் அந்த வெளிநாட்டுப் பாசி ஏறிப் பவளத்தை மூடிவிட்டது. அப்பா சொல்லச் சொல்லப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்தப் பெயர்கள் இல்லை. அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை.

நாளெல்லாம் சந்தோஷம். சாப்பிட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 8

அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில். "இதத்தான்டி நான் சொன்னேன். இத இணைச்சு எழுது, யாரு வேணாம்பா பாப்போம்."

பிப்ரவரி 9

அம்மா லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் கரையின் வளைவு தெரிகிறதே. "இது என்னத்தா புள்ளி?" சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பாத்திரம் கழுவப் போனாள். அங்கிருந்தே, "இது யாரு கைக்குப் போகும்?"

திட்டத்துக்கு, விஞ்ஞானிகளுக்கு, அறிக்கையாக வரும் என்றேன்.

"அறிக்க வந்தா அப்புறம் பலக வரும். ஏற்கெனவே இருக்குறதுல நிக்க இடமில்ல. மிச்சம் இருக்குற எடத்தையும் நீயே எழுதிக் குடுக்குறியா?"

அப்படி இல்லை என்று சொல்ல வாய் வந்தது. எப்படி என்று சொல்ல வரவில்லை.

பிப்ரவரி 12

நேர்காணல், ஆன்லைனில். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அங்கேதான் நாலு கோடு சிக்னல். மூன்று பேர். கடல்புல் வகைகளைக் கேட்டார்கள், சைமோடோசியா, தலாசியா, சிரிங்கோடியம், சொன்னேன். சதுரச் சட்டத்துக்குள் பரப்பு விழுக்காடு எப்படிக் கணிப்பாய், சொன்னேன். கூட்டம் கூட்டினால் மீனவர்கள் வருவார்களா? விசைப்படகு கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வைத்தால் வருவார்கள் என்றேன். ஒருவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

பிறகு, "டைவிங் சான்றிதழ் உண்டா?"

இல்லை.

"நீச்சல்?"

நீச்சல் தெரியுமா என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். தெரியும் சார், அம்மாவோடு பாருக்குப் போவேன், மூச்சைப் பிடித்து இறங்குவேன் என்றேன். அவர்கள் நிரப்பும் படிவத்தில் அதற்கு இடமிருந்திருக்காது. ஸ்கூபா முதல்நிலைச் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். அந்தப் படிப்புக்கு ஆகிற பணத்தில் அப்பா புது எஞ்சினுக்கு முன்பணம் கட்டிவிடுவார்.

கடைசியில், நீ செய்த களவேலை ஏதாவது இருந்தால் மாதிரிக்கு அனுப்பு என்றார்கள். 20-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள்.

பிப்ரவரி 13

அனுப்பவில்லை.

பிப்ரவரி 14

அனுப்பவில்லை. போன வருடப் பறவைக் கணக்கெடுப்புச் சான்றிதழை மட்டும் அனுப்பினால் என்ன என்று யோசித்தேன். அதில் என் பெயரையே பிழையாக அடித்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 16

பேராசிரியர் போனை எடுத்தார்! "தாராளமா என் பேரப் போடும்மா" என்றார். ஏற்கெனவே போட்டாயிற்று என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 17

அமாவாசை. இந்த முறை நானும் அம்மாவோடு போனேன். தண்ணீர் தெளிவு. காலில் ரப்பர் செருப்பைக் கட்டி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பை. அம்மா முங்கினால் நான் இரண்டு முறை மூச்சு வாங்கிவிடுகிறேன், அவள் அதற்குப் பிறகுதான் மேலே வருகிறாள். அடியோடு பிடுங்கக் கூடாது, நுனியை ஒடிக்க வேண்டும், கை அப்படித்தான் பழகியிருக்கிறது. வரைபடத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. படகில் திரும்பும்போது மற்ற பெண்கள் என்னைக் கேலி செய்தார்கள், "ஆபீசரம்மா, எங்க மேல கேஸ் போட்டுறாத." அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது, வெயில் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 19

அக்கா: "அனுப்பிட்டியா?" அக்கா: "ஹலோ?" அக்கா: "லூசு."

பிறகு போனிலேயே கேட்டேன். புள்ளிகளைத் துல்லியமாகக் கொடுக்காமல் பெரிய கட்டங்களாக மங்கலாக்கிக் கொடுக்கலாமாம். வேட்டைக்குப் பயந்து அபூர்வ உயிரினங்களின் இடத்தை அப்படித்தான் மறைத்து வெளியிடுவார்களாம். அம்மாவின் பாசியும் அந்தப் பட்டியலில் சேரும் போல.

பிப்ரவரி 20

காலையில் அம்மா தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "படி. ஒவ்வொண்ணா படி." அப்பா சொன்ன பெயர்களைப் படித்தேன். சிலதுக்குத் தலையாட்டினாள். சிலதுக்கு, "இது ஊருக்கே தெரியும், போட்டுக்க." தென்கடல் பக்கம் மூன்று இடத்தில் கையை வைத்தாள். "இத எடுத்துரு."

அந்த மூன்றில்தான் கடல்புல் மிகவும் அடர்த்தி. அவை இல்லாவிட்டால் வரைபடத்தில் பெரிதாக என்ன இருக்கிறது என்று அவளிடம் விளக்கினேன். கட்டம் போட்டு மங்கலாக்குவதையும் காட்டினேன். கட்டம் இன்னும் பெருசா வேணும் என்றாள். பெரிதாக்கினேன். இன்னும் என்றாள். இதற்கு மேல் போனால் ராமநாதபுரம் மாவட்டமே ஒரு கட்டத்துக்குள் வந்துவிடும் என்றேன். "வரட்டுமே" என்றாள்.

இரண்டு கோப்பு இருக்கிறது இப்போது. மூன்று இடமும் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. மணி மூன்றரை. மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை, சார்ஜ் 22 சதவீதம். அம்மா தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று கூப்பிடுகிறாள், குடத்தை எடுத்துக்கொண்டு