பிளேன்ரீயும் ஐஸும்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவன் நான். சென்ற வாரம் நரம்பிணைப்புப் பாடம் முடிந்து எல்லோரும் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து கேட்டான்: “சேர், பிளேன்ரீயும் நித்திரையை முறிக்குது, ஐஸும் முறிக்குது. இரண்டும் ஒரே வேலைதானே?” வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐஸ் என்ற போதைப்பொருளைப் பற்றி எங்கே கேள்விப்பட்டாய் என்று விசாரிப்பதைவிட, கேட்டதற்குப் பதில் சொல்வதே முறை என்று பட்டது.

தேநீரிலுள்ள கஃபீன் செய்வது சிறு குறும்பு. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற இரசாயனம் சேர்ந்து, நரம்புக் கலங்களில் தனக்குரிய இருக்கைகளான ஏற்பிகளில் அமர்ந்து அயர்வை உண்டாக்கும். கஃபீன் அந்த இருக்கைகளில் முந்திப்போய் உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு தீர்வதில்லை, அதன் செய்தி மட்டும் தாமதமாகிறது.

ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமினின் வழி வேறு. ஒரு நரம்புக் கலத்திலிருந்து வெளிப்படும் டோபமைன் என்ற, ஊக்கத்தையும் இன்பத்தையும் தூண்டும் இரசாயனம், இடைவெளியைக் கடந்து அடுத்த கலத்தின் ஏற்பியைத் தொட்டபின், கடத்திப் புரதங்களால் திரும்ப உள்ளே அள்ளப்படுகிறது. இந்தத் திரும்பலால்தான் ஊக்கத்துக்கும் இன்பத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. கொக்கெய்ன் அக்கடத்திகளை அடைத்துவிடுவதால் வெளிவந்த டோபமைன் வெளியிலேயே தேங்குகிறது. ஐஸோ கடத்தி வழியே தானும் உள்ளே நுழைந்து, டோபமைன் பத்திரமாயிருந்த சிறுபைகளை ஒழுகச் செய்து, கடத்தியையே எதிர்த்திசையில் ஓட வைக்கிறது. விரிகுடாவின் மறுகரையிலுள்ள மூதூரிலிருந்து ஆட்களை ஏற்றிவர வேண்டிய படகு, இங்குள்ளவர்களையும் அள்ளிக்கொண்டுபோய் அங்கே இறக்கினால் எப்படியிருக்கும் என்றேன். மூதூர்ப் பிள்ளைகள் இருவருக்கு உடனே விளங்கியது. உடலை உசார்ப்படுத்தும் நோரட்ரினலினும் இவ்வாறே பெருகுவதால் நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, பசியும் நித்திரையும் அற்றுப்போகின்றன. இரத்தத்தில் கொக்கெய்ன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1 மணித்தியாலம் போதும். ஐஸுக்கு 10 முதல் 12 மணித்தியாலம் செல்லும்.

“விட்டால் பழையபடி வருமா, சேர்?” என்று அவனே மறுபடியும் கேட்டான். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

சிறுபையைவிட்டுக் கலத்துக்குள் கசியும் டோபமைன் ஒட்சியேற்றமடைந்து நரம்பு முனைகளையே அரிக்கும் என்பதைச் சொல்லிவிட்டு, 2001-இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழுவினர் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். ஐஸ் பாவித்தவர்களின் மூளையில் டோபமைன் கடத்திகள் குறைந்திருந்தன. ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களில் அவை ஓரளவு மீண்டிருந்தன, ஆனால் நினைவாற்றலும் உடலசைவின் வேகமும் அதே அளவுக்கு மீளவில்லை.

அவன் அடுக்கிய கொப்பியைத் திறந்து, “ஓராண்டுக்கு மேல்” என்று எழுதிக்கொண்டான்.