மாடு ஏன் நின்றுவிடுகிறது?

டெம்பிள் கிராண்டின், ஆட்டிசம் உள்ள அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். மாடு முரண்டு பிடிக்கும் குறுகலான பாதைக்குள் தானே இறங்கி, மாட்டின் கண்மட்டத்தில் பார்த்தார். தொங்கும் சங்கிலி, வேலியில் போட்ட சட்டை, ஈரத்தரையில் மின்னும் வெளிச்சம்... பல நேரம் இவ்வளவுதான் காரணம். சங்கிலியைக் கழற்றினால் தானாக நடக்கும். மின்னதிர்ச்சி கொடுத்து ஓட்டும் மின்கோல் எதற்கு?

முன்னே ஓட்ட, தோள்பட்டைக்குப் பின்னால் நில்லுங்கள். தலைப்பக்கம் போனால் பின்வாங்கும். பாதைக்குள் அனுப்பும் பட்டியில் பாதிக்கு மேல் அடைக்கவே கூடாது. திரும்ப இடமில்லாமல் நெரிசலாகும். பலரும் கெடுப்பது இங்கேதான். மாடு எளிதாக நடக்கட்டும் என்று வளைந்த பாதை கட்டிவிட்டுத் தரை வழுக்கினால் அதுவும் வீண்.

இறைச்சிக்கூடத் தணிக்கைக்கு அவர் வைத்த அளவுகோலில் ஒன்று: 100 மாட்டில் 3-க்கு மேல் கத்தினால் தேர்ச்சி இல்லை.