எதிர்காற்றில் பாயை எவ்வளவு இறுக்குவது?

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும். அப்போது சின்னப் பந்தயப் படகை எதிர்காற்றில் ஓட்டப் பார்க்கும் புதுசுகள் பாய்க்கயிற்றை முடிந்தவரை இழுத்து இறுக்கிவிடுவார்கள், படகும் காற்றைப் பார்த்தபடி நிற்கும், நகராது. காற்றுக்கு ஏறக்குறைய 45 டிகிரிக்குள் இவை போகாது, வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும்.

முன்பாய் உள்ள படகில் அதன் முன்விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் கம்பளி நூல் ஒட்டியிருக்கும், கண் அதில் இருக்கட்டும். இரண்டும் நேராகப் பின்னால் பறந்தால் சரி. காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் பாயை இறுக்குங்கள், இல்லையென்றால் முகப்பைக் காற்றிலிருந்து கொஞ்சம் விலக்குங்கள். மறுபக்கத்து நூல் துவண்டால் இறுக்கியது அதிகம், தளர்த்துங்கள். இந்த நூலைத்தான் யாரும் கவனிப்பதில்லை, பாய்க்குப் பின்னால் நிழலாகத்தானே தெரிகிறது.

அலை முட்டும் நாளில் பாயில் கொஞ்சம் வயிறு இருக்கட்டும். வேகம் செத்துவிட்டால் சென்டர்போர்டுக்கு (படகின் அடியில் தண்ணீருக்குள் இறங்கும் பலகை) பிடி கிடைக்காது, படகு பக்கவாட்டில் சறுக்கும். காற்று பலத்தால் நேர்மாறு: அவுட்ஹால் (பெரிய பாயின் கீழ்விளிம்பைப் பின்னால் இழுக்கும் கயிறு), கன்னிங்ஹாம் (அதன் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) இரண்டையும் இழுத்துப் பாயைத் தட்டையாக்கி, உடம்பை வெளியே சாய்த்துப் படகை நிமிர்த்துங்கள். சாய்ந்து ஓடும் படகில் சுக்கானே பிரேக் போடும்.

முத்துப்பேட்டை காயலில் பழகலாமே என்கிறார்கள். ஆழம் இல்லை சார், சென்டர்போர்டு சேற்றில் குத்தும்.