நவாலி வழியாகச் சில்லாலைக்கு

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆண்ட காலத்தில் கோவாவில் இருந்து இலங்கைக்கு வந்த குரு புனித யோசேவ் வாஸ் அடிகளார் என்றால் பலருக்குக் கண்டிதான் நினைவுக்கு வரும். அவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒளிந்திருந்து பூசை வைத்தது எங்கள் யாழ்ப்பாணத்தில், அதிலும் சில்லாலையில் என்பதை இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பங்கில் இருந்து வான் பிடித்துப் போனோம். நகரத்தில் இருந்து சுமார் 15 கிலோமீற்றர். ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு என்று வழி. நேரே போனால் அதிக நேரம் எடுக்காது. ஆனால் எங்களோடு வந்த மறையாசிரியர் நேரே போக விடவில்லை. ஆனைக்கோட்டை தாண்டியதும் இடப்பக்கம் திருப்பச் சொன்னார். “முதல்ல நவாலி. அங்க செபிச்சிட்டுப் போனால்தான் சில்லாலை விளங்கும்” என்றார்.

நவாலி புனித பேதுரு ஆலயத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காகவும் வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்காகவும் சொல்கிறேன். 1995 ஜூலை 9ஆம் திகதி யாழ் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் இராணுவத்தின் பெரிய படை நடவடிக்கை ஒன்று தொடங்கியது. ஷெல் அடிக்குப் பயந்து மேற்குப் பக்க ஊர்ச் சனம் பிள்ளை குட்டிகளோடு, சைக்கிளிலும் கால்நடையாகவும் நவாலிப் பக்கம் வந்தது. கோயிலுக்குக் குண்டு போட மாட்டார்கள் என்ற எண்ணம். ஆலய வளவும் பக்கத்துச் சின்னக் கதிர்காம முருகன் கோயிலும் நிறைந்திருந்த நேரத்தில் விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வந்த சனத்துக்கு உதவி செய்துகொண்டு நின்றவர்களும் அதில் அடக்கம்.

அதே ஆண்டு சனவரி 21ஆம் திகதிதான் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் யோசேவ் வாஸ் அடிகளாரைப் புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். அப்போது போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்தது. இனிமேல் எல்லாம் சரிவரும் என்று எங்கள் வீட்டிலும் பேசிக்கொண்டார்கள். ஆறு மாதம்கூட முழுதாகப் போகவில்லை, நவாலி நடந்தது. அந்த ஆண்டை நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்தே எனக்கு வருகின்றன. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நினைக்க முடிவதில்லை.

நாங்கள் போனபோது ஒரு அம்மா ஆலய முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியிருக்கும். நாங்கள் செபமாலை தொடங்குவதைக் கண்டதும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்து என் பக்கத்து வாங்கில் இருந்தார். அவருடைய செபமாலையைக் கிட்ட இருந்து பார்த்தேன். கறுத்த மர மணிகள். மூன்றாவது பத்தில் இரண்டு மணிகள் இல்லை. அந்த இடத்தில் வலை பின்னுகிற நூலால் தடிப்பாக இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார். அவருடைய விரல் மணியில் நின்ற அளவு நேரம் முடிச்சிலும் நின்று, ஒவ்வொரு ‘அருள் நிறைந்த மரியே’க்கும் நகர்ந்துகொண்டிருந்தது.

செபம் முடிந்த பிறகு மெல்லக் கேட்டேன்.

“அண்டைக்கு நீங்கள் இங்கதான் இருந்தனீங்களோ அம்மா?”

“ஓம் பிள்ளை. தங்கச்சியும் அவளின்ர பிள்ளையளும் அந்தப் பக்கம் இருந்தவை. நான் தண்ணி அள்ளக் கிணத்தடிக்குப் போனனான். அதாலதான் இண்டைக்கு உங்களோட கதைக்கிறன்.”

“அதுக்குப் பிறகும் இந்தக் கோயிலுக்கு வர எப்பிடியம்மா மனம் வந்தது?”

“கொஞ்சக் காலம் வரேல்லை. கோவம். ஆரோட கோவிக்கிறதெண்டும் தெரியேல்லை. பிறகு வந்திட்டன். வேற ஆரிட்டப் போறது, சொல்லு பிள்ளை?”

மறையாசிரியர் ஒன்றும் பேசவில்லை. திருவிவிலியத்தைத் திறந்து யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசித்தார். அப்பத்தைப் பலுகச் செய்தபோது பின்னால் வந்த கூட்டம், இயேசுவின் போதனை கடினமாக இருக்கிறது என்று ஒவ்வொருவராக விலகிப் போகிறது. அவர் பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்று கேட்கிறார். பேதுரு சொல்கிறார்: “ஆண்டவரே, நாங்கள் யாரிடம் போவோம்?” பேதுருவின் பெயரில் உள்ள ஆலயத்தில், பேதுருவின் வார்த்தையை அந்த அம்மா யாழ்ப்பாணத் தமிழில் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அவருக்கு அது வேத வாக்கியம் என்ற நினைப்புக்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த இடத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான். எல்லாம் விளங்கிவிட்டது என்று பேதுரு சொல்லவில்லை. போனவர்களுக்கு எவ்வளவு விளங்கியதோ அவ்வளவுதான் அவருக்கும் விளங்கியிருக்கும். ஆனாலும் நின்றார். பின்னாளில் இதே பேதுருதான் யாரென்றே அறியாதவர் போல ஆண்டவரை மூன்று தரம் மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் மூன்று தரம் கேட்டு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். கிறிஸ்துவை நம்பி வாழ்வது என்றால் சந்தேகமே வராத ஆளாக இருக்க வேண்டும் என்று இளவயதில் நினைத்திருந்தேன். கோவித்துக்கொண்டு போனவர்களும் திரும்பி வரலாம், வந்து முற்றம் கூட்டலாம் என்பதை நவாலி காட்டுகிறது. வெளியே நினைவுத்தூபியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வானில் ஏறினோம்.

மானிப்பாய் தாண்டும்போது மறையாசிரியர் ஒல்லாந்தர் காலத்துக் கதையைத் தொடங்கினார். எங்களோடு தென்னிந்தியத் திருச்சபை என்ற புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்த ஒரு அக்காவும் வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். தவக்காலத்தில் எங்கள் சிலுவைப் பாதைக்கும் வருவார். அவர் முன்னால் அந்தக் கதையைச் சொல்லலாமா என்று எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் சொல்லாமல் சில்லாலைக்குப் போக முடியாது.

1658இல் புரட்டஸ்தாந்தினரான ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை எல்லாம் வெளியேற்றினார்கள். ஒரு குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை போட்டார்கள். திருமணப் பதிவு, பிள்ளையின் உரித்து எல்லாம் அவர்களுடைய சபைப் பதிவேட்டில் தங்கியிருந்தன. ஆகவே பகலில் அங்கே பெயர் கொடுத்துவிட்டு இரவில் வீட்டில் செபமாலை சொன்ன குடும்பங்கள் ஏராளம். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1658இல் இருந்து யோசேவ் வாஸ் அடிகளார் வரும் 1687 வரைக்கும் 29 ஆண்டுகள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நற்கருணை இல்லை, சாகும் நேரத்தில் நோயிற்பூசுதல் இல்லை. ஒரு குரு வருவார் என்று யாரும் கடிதம் போடவுமில்லை. அப்படி இருக்க, ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’யை ஆச்சிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளில் சிலர் தங்கள் வாழ்நாளில் ஒரு குருவைக் கண்ணால் காணாமலேயே பெரியவர்களாகி இருப்பார்கள்.

அடிகளாரின் வாழ்க்கையில் நாங்கள் வழக்கமாகப் பேசுவது அவருடைய தியாகத்தை. பேச வேண்டியதுதான். 1651இல் கோவாவில் பிறந்த குரு, இலங்கைக் கத்தோலிக்கர்கள் ஆயனில்லாமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தூத்துக்குடி வந்து, கூலிக்காரனைப் போல உடுத்துக்கொண்டு கடல் கடந்தார். மன்னாரில் கரையேறி யாழ்ப்பாணத்துக்கு நடந்தார். வந்த இடத்தில் வயிற்றோட்டம் கண்டு படுத்த படுக்கையானார். தொற்று நோய் என்று பயந்து ஆட்கள் அவரை ஒதுக்கிவிட, ஒரு ஏழைப் பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றினார் என்பது எங்கள் பக்கத்தில் சொல்லிவரும் கதை. எழுந்து நடக்க முடிந்ததும் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கர்களைக் கண்டுபிடித்தார்.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது முகம் மாறியவர்கள்தான். 29 ஆண்டுகள் கழித்து ஒரு பிச்சைக்காரன் கழுத்தில் செபமாலையைக் கண்டு அடையாளம் சொல்ல அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடிகளார் யாழ்ப்பாணத்துக்கு விசுவாசத்தைக் கொண்டுவரவில்லை, இங்கே காத்து வைத்திருந்ததை வந்து கண்டெடுத்தார். இதைச் சொன்னால் புனிதருக்குக் குறைவு என்று யாரும் நினைக்கத் தேவையில்லை.

பிறகு சில்லாலை அவரை ஏற்றுக்கொண்டது. நாட்டு வைத்தியத்துக்கும் பெயர் போன ஊர் அது. மரண தண்டனை என்று தெரிந்தே வீடுகளைத் திறந்துவிட்டார்கள். இரவில் வேடம் மாறி ஊர் ஊராகப் போய்ப் பூசை வைப்பார், விடிவதற்குள் வேறிடம் மாறிவிடுவார். 1689 நத்தார் இரவு ஒல்லாந்தருக்குச் செய்தி எட்டிவிட்டது. பூசைக்குக் கூடியிருந்த ஏறத்தாழ 300 பேரைப் பிடித்தார்கள். அடிகளார் அகப்படவில்லை. எட்டுப் பேரைக் கசையால் அடித்ததில் தோன் பேதுரு என்பவர் உயிர்விட்டார். அவர் முன்பு ஒல்லாந்தரின் சபையில் இருந்து பிறகு கத்தோலிக்கர் ஆனவர். மற்ற ஏழு பேரையும் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். இங்கேயும் ஒரு பேதுரு.

கதை முடிந்ததும் வானில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் அந்த அக்காதான் பேசினார். “அடிச்சவையும் கிறிஸ்துவின்ர பேரைச் சொல்லித்தானே அடிச்சிருக்கினம். அதுதான் எனக்கு நோகுது.” எனக்கும் அதுதான் நொந்தது. இந்த நோவுக்கு நாங்கள் எல்லோரும் பங்காளிகள். போர்த்துக்கேயர் காலத்தில் இடிபட்ட சைவக் கோயில்களை மறந்துவிட்டு ஒல்லாந்தரைப் பற்றி மட்டும் கதைப்பது நேர்மையாகாது. அதே நேரம், நாங்கள் சற்று முன் தாண்டி வந்த மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அடுத்து வரவிருந்த பண்டத்தரிப்பில் 1820இல் இருந்து வைத்தியர் ஸ்கடர் நோயாளிகளைப் பார்த்தார். அந்த அக்காவின் பாட்டனார் வழியில் இந்த மிஷனின் கை இருக்கிறது. கிறிஸ்துவின் பெயரைச் சொல்லி அடித்த கையும் உண்டு, அதே பெயரைச் சொல்லிப் புண்ணுக்கு மருந்து கட்டிய கையும் உண்டு. எந்தக் கையில் ஆணித் தழும்பு இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

சில்லாலையில் அடிகளாரின் ஆலயத்தில் சிலுவைப் பாதை செய்தோம். ஒருசந்தி நாள் என்பதால் மத்தியானம் கஞ்சியும் சம்பலும்தான். ஊர்ப் பெண்கள் காய்ச்சி வைத்திருந்தார்கள். யார், எந்தப் பங்கு என்று கேட்கும் முன்பே கோப்பையைக் கையில் தந்தார்கள்.

பின்னேரம் மறையாசிரியர் அடிகளாரின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினார். அடிகளார் 1690இல் இங்கிருந்து புத்தளம் போய், 1692இல் கண்டியில் உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டு, 1697இல் அங்கே அம்மை பரவியபோது உறவினர்களே விட்டுவிட்டுப் போனவர்களைத் தூக்கி வைத்துப் பராமரித்தார். 1711 சனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். சாகும் தறுவாயில் உடன் குருக்களுக்கு அவர் சொன்ன புத்தி: வாழும்போது செய்யாததைச் சாகும் நேரத்தில் செய்வது அரிது.

இந்த வார்த்தையைக் கேட்டு எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் எனக்கு அது தைத்தது. இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் எதிர்காலம் என்று பேச்செடுத்தாலே விசாதான். விசா எடுத்துப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, என் உடன்பிறப்புகளும் போனவர்கள்தான். ஆனால் எங்கள் நம்பிக்கையை எல்லாம் வரப்போகிற ஒன்றில் கட்டி வைத்துவிட்டு, இன்றைய நாளை வெறும் காத்திருப்பாக ஆக்கிவிடுகிறோம். 29 ஆண்டுகள் இங்கே இருந்தவர்களும் காத்திருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் காத்திருந்தபடியே பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார்கள், செத்தவரை அடக்கம் செய்தார்கள், படலையில் நின்ற பிச்சைக்காரனை உள்ளே கூப்பிட்டார்கள். உயிர்த்த ஆண்டவர் ஏற்கெனவே தங்களோடு இருக்கிறார் என்று நம்பியவர்களால்தான் அப்படிச் செய்ய முடியும். பேதுரு தம் முதல் திருமுகத்தில், உங்கள் எதிர்நோக்கைப் பற்றி யாராவது விளக்கம் கேட்டால் விடை சொல்ல ஆயத்தமாய் இருங்கள் என்று எழுதுகிறார். அந்த விடையைப் பணிவோடும் மரியாதையோடும் சொல்லும்படி அடுத்த வரியில் சேர்த்தும் எழுதுகிறார். நவாலி அம்மா சொன்ன விடை அப்படிப்பட்டது.

போக நினைக்கிறவர்கள் காலையில் வெளிக்கிடுங்கள், பங்குனி வெயில் பொல்லாதது. சனவரி 16 அடிகளாரின் திருநாள், அன்று போவதும் நல்லது. எப்போது போனாலும் நவாலியில் இறங்கிச் செபித்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வரும்போது வானிலேயே மறையாசிரியர் ஒரு கொப்பியை எடுத்துவிட்டார். எங்கள் பங்கில் கோயிலுக்கு வர முடியாமல் படுக்கையில் இருக்கிற வயோதிபர்களின் பெயர்கள் அதில் இருந்தன. பாஸ்கு வரைக்கும் ஆளுக்கு ஒரு வீடு என்றார். அந்த அக்காவும் ஒரு வீடு கேட்டு வாங்கினார். எனக்குக் கிடைத்தது பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்கிற ஒரு ஐயாவின் வீடு. ஞாயிறு பூசை முடிந்ததும் நற்கருணைப் பணியாளரோடு போய் அன்றைய நற்செய்தியை வாசித்துக் காட்ட வேண்டும். ஐயாவுக்குக் காது மந்தம், உரத்து வாசிக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.