கீழே மளிகைக் கடை, மேலே வீடுகள்

அடுக்குமாடியின் தரைத்தளத்தில் 'கடை' என்று வரைபடத்தில் எழுதிவிட்டால் மளிகைக் கடை வந்துவிடாது. வீட்டுக்குத் தளத்துக்குத் தளம் 3 மீட்டர் உயரம் போதும்; பெரிய மளிகைக் கடைக்கு நாலரை, ஐந்து மீட்டராவது வேண்டும், ஏசி குழாய்கள் கூரையடியில் ஓடுமே! தூண்கள் நெருக்கமாக நின்றால் அலமாரி வரிசை முறியும். தளம் தாங்க வேண்டிய சுமையும் வேறு: வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்றால் கடைக்கு 400, சரக்கறைக்கு இன்னும் கூடுதல்.

பலர் மறப்பது வடிகால். குளிர்பெட்டிகளில் சொட்டும் நீருக்குக் கான்கிரீட் போடும் முன்பே குழாய் பதிக்க வேண்டும். பிறகு துளையிட்டால் கீழே பார்க்கிங்கில் ஒழுகும். கம்ப்ரசருக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் இல்லையென்றால் முதல் மாடிக்காரருக்குத் தூக்கமில்லை. சரக்கு லாரி நிற்கும் இடத்தைப் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே வைப்பவர்களும் இருக்கிறார்கள்.