எத்தனை நாள் ஆச்சு அக்கா?

"ஐவி ஊசி போட்டுப் பழக உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு அக்கா?"

வார்டுக்குப் புதிதாக வந்த நர்ஸ் அவள். அவள் கேட்டபோது நான் பிளாஸ்டரை வெட்டி ட்ரே ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஒரு ரெண்டு வாரம் இருக்கும்" என்றேன்.

பொய். நாலு மாதமாவது ஆகியிருக்கும். அந்த நாலு மாதமும் கட்டில் பக்கம் போகும்போதே எனக்குக் கை வியர்த்துவிடும். க்ளவுஸ் மாட்டவே வராது. வயதானவர்களின் நரம்பு வெளியே தடிப்பாகத் தெரியும், ஊசி பட்டதும் வழுக்கி ஒதுங்கிவிடும். கீழே தோலை இழுத்துப் பிடி என்று எத்தனை பேர் சொன்னாலும் அந்த நேரத்தில் என் இடது கை மரத்துப்போய் நிற்கும். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்வேன். ரத்தம் தெரிந்ததுமே கிடைத்துவிட்டது என்று ஊசியை உருவிவிடுவேன். ஊசி முனை, அதைச் சுற்றி மாட்டியிருக்கும், நரம்பிலேயே தங்க வேண்டிய பிளாஸ்டிக் ட்யூபைவிடக் கொஞ்சம் நீளம். ரத்தம் வந்தால் ஊசி உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். ட்யூப் இன்னும் வெளியே நிற்கலாம். ஊசியைச் சற்றுத் தாழ்த்தி, இன்னும் ஒரு மயிரிழை தள்ளி, அப்புறம்தான் ட்யூபை மட்டும் நகர்த்த வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். விரலுக்குப் புரிய வேண்டுமே.

இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம்.

அடுத்த மாதம் ஒரு நைட் ட்யூட்டி. ரெண்டு குத்தில் கிடைக்காவிட்டால் வேறொருவரைக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் வார்டு வழக்கம். அவள் கூப்பிடவில்லை. மூன்றாவதும் குத்தி, புறங்கை வீங்கி, அந்த அம்மா முனகிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மறு கையில் நான் போட்டேன். ஒரே குத்து. (உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் லேசாக ஒரு பெருமை வந்தது.) வெளியே வந்து, "ஏன் கூப்பிடலை?" என்றேன்.

"ரெண்டு வாரம் எப்பவோ தாண்டிடுச்சே அக்கா."

"சரி, ஐஸ் எடுத்துட்டு வா" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆகாத பெண், நாலு மாதம் என்றால் பயந்துவிடுவாள் என்றுதான் அப்படிச் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. ஆனால் பிளாஸ்டர் ஒட்டிய அந்த அரை நொடியில் அவளைப் பற்றி யோசித்தேனா என்ன? கை வியர்த்து நின்ற அந்தப் பழைய நான், ட்ரேக்குப் பக்கத்தில் வந்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் நான் ரொம்பப் பொறுமை என்று வார்டில் பெயர். அந்தப் பழையவளிடம் மட்டும் அது இன்றுவரை இல்லை.

நாலு மாதம் என்பதும் குத்துமதிப்புதான். கை பழகிய நாள் இதுதான் என்று காலண்டரில் வட்டமா போட்டு வைத்தேன்? போன வாரம்கூட, நீர் வற்றிப்போன ஒரு கையில் 22 நம்பர் நீலக் கேனுலாவையே, அந்த மெல்லிய ஊசி-ட்யூபையே, ரெண்டு முறை தவறவிட்டு அவளைத்தான் கூப்பிட்டேன். அவளுக்குக் கிடைத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பிளாஸ்டரை எடுத்துக் கொடுத்தேன்.