ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தில் ஒரு பனிச்சறுக்கு மேடு

வடக்கு லண்டனில் உள்ள ஹாம்ப்ஸ்டெட் ஹீத்தின் புல்சரிவில் நின்று பார்த்தபோது, 1950 மார்ச் மாதத்தில் இங்கே பனிச்சறுக்குத் தாண்டல் போட்டி நடந்தது என்பதை நம்புவது எனக்குக் கடினமாகவே இருந்தது. சாரம் கட்டி ஏறத்தாழ 60 அடி உயரத்திற்குக் கோபுரம் எழுப்பி, அதன் உச்சியிலிருந்து ஓடுபாதையைச் சரித்து, இறங்குவதற்கு இயற்கையான மலைச்சரிவையே பயன்படுத்தினார்கள். சமதரையில் விழுந்தால் கால்கள் முறிந்துவிடும் என்பதால், இந்த விளையாட்டில் தாண்டுவதற்கான மேடையைவிட இறங்கும் சரிவே முக்கியமானது.

லண்டனின் பனியை நம்ப முடியுமா? ஆகவே நார்வேயிலிருந்து 45 டன் பனியை மரப்பெட்டிகளில் அடைத்து, உருகாதிருக்க உலர்பனி (உறையவைத்த கார்பன் டைஆக்சைடு) வைத்து, கப்பலில் கொண்டுவந்தார்கள். இறைச்சியும் சர்க்கரையும் பெட்ரோலும் பங்கீட்டில் கிடைத்த காலத்தில் பனியை இறக்குமதி செய்த அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நார்வே வீரர்களே போட்டியில் முன்னிலை வகித்தார்கள். ஆஸ்லோவைச் சேர்ந்த ஆர்னே ஹோயல் வென்றார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிகள் தமக்குள் தனியே மோதிக்கொண்டன; ஆண்டுதோறும் தேம்ஸ் நதியில் நடத்தும் படகுப் போட்டி மட்டும் அவர்களுக்குப் போதவில்லை போலும்.

பனி உருகியது, சாரத்தையும் பிரித்து எடுத்துச் சென்றார்கள். நான் நின்ற இடத்தில் ஒரு நாய் பந்தைத் துரத்திக்கொண்டு சரிவில் ஓடியது.